அழாத குழந்தையின் ரத்தத்தில்

இரண்டு வயதாகியும் நிற்காத, நடக்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று நம் ஊரில் எல்லாருக்கும் பழக்கம்: "பொறந்த உடனே அழுதுச்சாம்மா?" பெரும்பாலும் பாட்டிதான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "எங்க சார் அழுதுச்சு? தண்ணி குடிச்சிடுச்சுன்னு சொன்னாங்க. கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்க." டாக்டர் ஒரு வரி எழுதிக்கொள்வார். பிறக்கும்போது ஆக்ஸிஜன் குறைந்ததா, எவ்வளவு குறைந்தது, எத்தனை நிமிடம் குறைந்தது, அதனால் மூளைக்கு என்ன ஆயிற்று என்ற நான்கு கேள்விகளுக்கும் இரண்டு வருடம் கழித்து ஒரு பாட்டியின் ஞாபகத்தில் விடை தேடவேண்டியிருக்கிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கு இல்லை. 1861இல் லண்டனின் மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற எலும்பு மருத்துவர் ஒரு கட்டுரை வாசித்தார். கை கால் விறைத்துப்போன பிள்ளைகளில் பலர் கடினமான பிரசவத்தில், மூச்சு முட்டிப் பிறந்தவர்கள் என்பது அவர் வாதம். இந்தப் பெருமூளை வாதத்துக்கு நெடுங்காலம் 'லிட்டில் நோய்' என்றே பெயர். 1897இல் வியன்னாவிலிருந்து ஒருவர் குறுக்கே வந்தார். கடினமாகப் பிறந்த பலர் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? பாதிக்கப்பட்டவர்களில் சிலர் சுகப்பிரசவத்தில் பிறந்தவர்கள்தானே? அப்படியானால் கருவிலேயே ஏதோ கோளாறு நடந்து, அந்தக் கோளாறின் அறிகுறியாகப் பிரசவமும் சிக்கலாகியிருக்கலாம் அல்லவா? கேட்டவர் சிக்மண்ட் ஃபிராய்ட். கனவுகளைப் பற்றி எழுதிப் புகழ் பெறுவதற்கு முன் அவர் குழந்தைகளின் மூளைவாதத்தில் தேர்ந்த நரம்பு மருத்துவர். பாதிப்பு பிறக்கும்போது வந்ததா, முன்பே வந்ததா என்ற அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. இந்தக் கட்டுரையிலேயே சென்னை எழும்பூர்வரை அது வரப்போகிறது.

பிறந்த நிமிடத்திலேயே குழந்தையின் நிலையைக் குறித்துவைக்கும் வழியை அமெரிக்க மயக்க மருத்துவர் வெர்ஜீனியா ஆப்கர் 1953இல் வெளியிட்டார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, சீண்டினால் முகம் சுளிப்பது, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் பூஜ்யத்திலிருந்து இரண்டுவரை மதிப்பெண். ஒரு நிமிடத்தில் ஒருமுறை, ஐந்து நிமிடத்தில் ஒருமுறை. எளிமையானது, செலவில்லாதது, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் போடுவது மனிதக் கண். உடம்பு முழுக்க ரோஜா நிறமாக இருந்தால் இரண்டு மதிப்பெண் என்ற விதி நியூயார்க்கில் எழுதப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு உதட்டையும் நாக்கையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கண்ணை நம்பாமல் அளக்கவும் ஒரு வழி உண்டு. தொப்புள்கொடியை இரண்டு இடத்தில் கவ்விப் பிடித்து, நடுத்துண்டை வெட்டியெடுத்து, அதிலுள்ள தமனியிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். கொடியில் தமனி இரண்டு, சிரை ஒன்று. சிரை தடித்தது, ஊசி எளிதாக ஏறும். தமனிகளோ மெலிந்து, வழுக்கிக்கொண்டு கிடக்கும். ஆனாலும் தமனிதான் வேண்டும், ஏனென்றால் குழந்தையின் உடம்பைச் சுற்றிவிட்டு நஞ்சுக்கொடிக்குத் திரும்பும் ரத்தம் அதில்தான் ஓடுகிறது. ஆக்ஸிஜன் இல்லாமல் செல்கள் சர்க்கரையை எரிக்கும்போது லாக்டிக் அமிலம் சேரும், ரத்தத்தின் பி.ஹெச். இறங்கும். 7.0க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டிய குழந்தை.

இவை எல்லாமே ஆக்ஸிஜன் குறைந்தது என்று சொல்கின்றன. அதனால் என்ன சேதம் என்று இவற்றுக்குத் தெரியாது. ஒரே பி.ஹெச். 6.9ஓடு பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று நாலாம் நாள் பால் குடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். இன்னொன்றுக்கு அன்று இரவே வலிப்பு வரும். பிறக்கும் குழந்தையின் உடம்பு மூச்சுமுட்டலுக்குத் தயாராகத்தான் வருகிறது. ஆக்ஸிஜன் குறைந்ததும் குடல், சிறுநீரகம், தோல், தசை ஆகியவற்றுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் திருப்பிவிடும். இந்த ஏற்பாடு எவ்வளவு நேரம் தாங்கியது என்பதில்தான் இரண்டு குழந்தைகளின் விதி பிரிகிறது. அதை அமிலம் சொல்லாது.

சேதம் உடனே நடந்து முடிவதும் இல்லை. 1980களில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் குழுவினர் மூச்சுமுட்டிப் பிறந்த குழந்தைகளின் மூளையில் ஆற்றல் எப்படி இருக்கிறது என்று காந்த அதிர்வுக் கருவியால் அளந்தார்கள். முதல் நாள் ஆற்றல் நிலை ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. அடுத்த சில நாட்களில்தான் அது சரிந்தது. ஆக்ஸிஜன் திரும்ப வந்தும், சில மணி நேரம் நன்றாக இருந்தும், அப்புறம் செல்கள் சாகின்றன. முதல் சரிவுக்கும் இரண்டாம் சரிவுக்கும் இடையில் கிடைக்கும் அந்த அவகாசத்தில்தான் இன்றைய சிகிச்சையே நிற்கிறது. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். 2013இல் 11 பரிசோதனைகளையும் 1505 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வின்படி, ஏழு குழந்தைகளைக் குளிர்வித்தால் அவர்களில் ஒருவர் சாவிலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்புகிறார்.

ஆறு மணி நேரம்தான். அதற்குள் எந்தக் குழந்தையின் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று யாராவது சொல்ல வேண்டும். செத்த செல்லைத் தவிர வேறு யார் சொல்வது?

நம் உடம்பில் செல் சாவது தினசரி நடக்கும் காரியம். பெரியவர் ஒருவரின் உடம்பில் நாளொன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் போய்ப் புதிது வருகின்றன. போகிற செல் தன் டி.என்.ஏ.வைத் துண்டுதுண்டாக நறுக்கிவிட்டுப் போகிறது. பெரும்பகுதியை அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். மிச்சம் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். எந்தச் செல்லுக்குள்ளும் இல்லாமல் பிளாஸ்மாவில் தனியாக மிதக்கும் இந்த டி.என்.ஏ.வை பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரைச் சேர்ந்த மாந்தெல், மெத்தே இருவரும் 1948இல் கண்டறிந்து எழுதினார்கள். வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொல்வதற்கு ஐந்து வருடம் முன்பு. அதை வைத்து என்ன செய்வது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து 1977இல் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இது கூடுதலாக இருக்கிறது என்று தெரிந்தது. அதற்கும் இருபது வருடம் கழித்துத்தான் பெரிய திருப்பம். ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ, கட்டி ஒன்று ரத்தத்தில் டி.என்.ஏ.வைக் கொட்டுமானால் வயிற்றுக்குள் வளரும் பிள்ளையும் தாயின் ரத்தத்தில் கொட்டாதா என்று யோசித்தார். ஆண் குழந்தையைச் சுமக்கும் தாயின் ரத்தத்தில் ஒய் குரோமோசோமைத் தேடினால் போதும், தாயிடம் அது இருக்க வாய்ப்பே இல்லை. மாணவனாகத் தனியே இருந்தபோது நூடுல்ஸ் சமைத்த ஞாபகத்தில் பிளாஸ்மாவையும் அப்படியே கொதிக்கவைத்துப் பார்த்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1997இல் முடிவு வெளியானது. இன்று கர்ப்பிணிகளின் கையில் எடுக்கும் ரத்தத்திலேயே குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்ப்பது அந்தக் கொதிக்கவைத்த பிளாஸ்மாவிலிருந்து வந்ததுதான்.

லோ இன்னொன்றையும் அளந்தார். பிரசவம் ஆனதும் தாயின் ரத்தத்தில் பிள்ளையின் டி.என்.ஏ. எவ்வளவு வேகமாக மறைகிறது? சராசரியாக 16 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கல்லீரல் வடிகட்டுகிறது, ரத்தத்திலுள்ள நொதிகள் நறுக்குகின்றன. என்னைக் கேட்டால், இந்தப் பாதியாகும் நேரம்தான் முழு விஷயத்துக்கும் சாவி. லாக்டிக் அமிலம் உடம்பில் தங்கும், சிறுநீரகம் பழுதானால் கிரியாட்டினின் நாள்கணக்கில் ஏறி இறங்கும். டி.என்.ஏ.வோ அப்போதைக்கப்போது அழிந்துவிடுகிறது. இப்போது ரத்தத்தில் இருக்கிறது என்றால் அது கடந்த ஓரிரு மணி நேரத்தில் வந்தது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று அளந்தால் சாவு எந்த நேரத்தில் நடந்தது என்பதையே வரைபடமாகப் போட்டுவிடலாம்.

அந்தத் துண்டுகளை இன்னும் கிட்டே போய்ப் பார்ப்போம். செல்லுக்குள் டி.என்.ஏ. சும்மா நீண்டு கிடப்பதில்லை. புரத உருளைகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு உருளையிலும் சுமார் 147 எழுத்துகள், உருளைக்கும் உருளைக்கும் நடுவே சிறு இணைப்பு. செல் தானே முடிவெடுத்து ஒழுங்காகச் சாகும்போது கத்தரி இணைப்பில்தான் விழும், உருளையில் சுற்றிய பகுதி தப்பிக்கும். அதனால்தான் ரத்தத்தில் மிதக்கும் துண்டுகளில் பெரும்பாலானவை 166 எழுத்து நீளத்தை ஒட்டியே இருக்கின்றன. அடிபட்டோ மூச்சுமுட்டியோ செல் வெடித்துச் சாகும்போது இந்த ஒழுங்கு இருக்காது, பத்தாயிரம் எழுத்துக்கும் மேலான நீண்ட துண்டுகள் வெளியே வரும். ஆக, எத்தனை செல் செத்தது என்பதோடு எப்படிச் செத்தது என்பதையும் நீளம் காட்டிக்கொடுக்கும். மூச்சுமுட்டிய குழந்தையில் முதல் அலை வெடித்துச் சாவது, சில மணி நேரம் கழித்து வரும் இரண்டாம் அலையில் ஒழுங்கான சாவும் கலந்திருக்கும். துண்டுகளின் நீளம் நேரத்துக்கு நேரம் மாறுவதைப் பார்க்க முடிந்தால் இரண்டு அலைகளையும் பிரித்துவிடலாம் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது.

இன்னொரு வகை டி.என்.ஏ.வும் கூடவே மிதக்கிறது. ஆக்ஸிஜனை உண்மையில் செலவழிக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அதற்குச் சொந்தமாக ஒரு சிறு வளையம், 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். ஒரு செல்லில் இத்தகைய வளையங்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கும். ஒரு காலத்தில் பாக்டீரியாவாகத் தனியே வாழ்ந்ததன் அடையாளம் அதில் இன்னும் இருப்பதால், அது ரத்தத்தில் கொட்டினால் நம் நோய் எதிர்ப்புச் செல்கள் ஏதோ கிருமி நுழைந்துவிட்டது என்று மிரண்டு எழுகின்றன. விபத்தில் நொறுங்கியவர்களிடம் இப்படி நடப்பதை 2010இல் காட்டினார்கள். எனவே மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சேதத்தின் சாட்சி மட்டும் இல்லை, புதிதாகச் சேதம் செய்யவும் கூடியது.

மூச்சுமுட்டலின் சாட்சியை ரத்தத்தில் தேடுவது புதிதல்ல. ஆஸ்லோவில் ஓலா சௌக்ஸ்டாட் என்ற குழந்தை மருத்துவர் இருக்கிறார். 1975இலேயே அவர் மூச்சுமுட்டிய குழந்தைகளின் ரத்தத்தில் ஹைப்போசாந்தீன் என்ற பொருள் கூடுவதை அளந்து எழுதினார். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. ஆக்ஸிஜன் இல்லாமல் உடைந்து உடைந்து கடைசியில் அதில் வந்து நிற்கும். அளப்பதோடு அவர் நிற்கவில்லை. சேர்ந்துபோன ஹைப்போசாந்தீன்மேல் திடீரென்று நிறைய ஆக்ஸிஜன் பாய்ந்தால் நச்சான ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பிறக்குமே என்ற கேள்வி அங்கிருந்துதான் வந்தது. மூச்சில்லாமல் பிறந்த குழந்தைக்கு நூறு சதவீத ஆக்ஸிஜன் கொடுப்பதுதான் உலக வழக்கமாக இருந்தது. சாதாரணக் காற்றே போதாதா என்று பார்த்த முதல் மருத்துவமனைப் பரிசோதனை 1993இல் டெல்லியிலிருந்து வெளியானது, சித்தார்த் ராம்ஜியும் சௌக்ஸ்டாடும் சேர்ந்து செய்தது. நிறை மாதக் குழந்தைக்குக் காற்றில் தொடங்கினாலே போதும் என்று 2010இல் உலக வழிகாட்டுதலே மாறியது. ஒரு குறியீட்டை அளக்கப்போய் சிகிச்சையே திரும்பிய கதை இது. எண் ஒன்று கிடைத்ததும் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போகாமல், இந்தப் பொருள் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டதால் நடந்தது.

அதே ஆஸ்லோ வட்டாரத்திலிருந்து 2018இல் டி.என்.ஏ.வுக்கான ஆய்வும் வந்தது. பிறந்து ஓரிரு நாளே ஆன பன்றிக்குட்டிகளை மயக்கத்தில் வைத்து, ஆக்ஸிஜனைக் குறைத்து, மறுபடி கொடுத்து, ரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் மிதக்கும் டி.என்.ஏ. நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து அளந்தார்கள். மனிதக் குழந்தையிடம் இதைச் செய்ய முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பன்றிக்குட்டியில்தான் மூச்சுமுட்டல் எந்த நிமிடத்தில் தொடங்கியது, எந்த நிமிடத்தில் முடிந்தது என்று துல்லியமாகத் தெரியும். பிரசவ அறையில் அது யாருக்கும் தெரியாது.

சரி, அளப்பது எப்படி? சொல்லும்போது எளிது. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் ரத்தம். ஒரு மில்லிலிட்டர் எடுப்பதற்கே யோசிக்க வேண்டும். எடுத்ததை ஊதா மூடிக் குழாயில் விட்டு, உறையாமல் இருக்க மெல்ல நாலைந்து தரம் கவிழ்த்து நிமிர்த்தி, சீக்கிரமே சுழற்றும் எந்திரத்தில் வைக்க வேண்டும். நின்றதும் குழாய்க்குள் மூன்று அடுக்கு தெரியும். அடியில் சிவப்பணு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா, நடுவில் சோற்றுக்கஞ்சியின் ஆடை அளவுக்கு மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டில் பிப்பெட் நுனி படக் கூடாது. பட்டால் எல்லாம் போயிற்று.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. 6.6 பிக்கோகிராம். ஆரோக்கியமான பெரியவரின் பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்கு ஒன்றிலிருந்து பத்து நானோகிராம்தான் மிதக்கும். ஐந்து என்று வைத்துக்கொண்டால் எழுநூற்றைம்பது செல்களின் சொத்து. வெள்ளைக் கோட்டில் இருப்பவை வெள்ளணுக்கள். பிறந்த குழந்தைக்கு அவை மிக அதிகம், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இரண்டு கோடி இருப்பது சகஜம். அவற்றில் ஆயிரத்துக்கு ஒன்று குழாய்க்குள் வெடித்தாலே 130 நானோகிராம் கொட்டிவிடும். குழந்தையின் மூளை அனுப்பிய செய்தி, குழாயில் நாம் கொன்ற வெள்ளணுக்களின் இரைச்சலில் மூழ்கிவிடும். ரத்தம் உறைந்த பின் கிடைக்கும் சீரத்தை இதற்குப் பயன்படுத்தாததும் இதனால்தான், உறையும்போதே வெள்ளணுக்கள் உடைகின்றன. பிளாஸ்மாவை இன்னும் வேகமாக இரண்டாம் முறை சுழற்றித் துப்புரவாக்கிய பிறகு, டி.என்.ஏ.வோடு ஒட்டினால் ஒளிரும் சாயத்தைக் கலந்து ஒளியை அளக்கலாம், சில நிமிட வேலை. அல்லது பி.சி.ஆர். போட்டுக் குறிப்பிட்ட மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணலாம். கொரோனாவுக்குப் பிறகு பி.சி.ஆர். எந்திரம் நம்மிடம் அபூர்வப் பொருள் இல்லை.

குழாய்க்கு வெளியிலும் சிக்கல்கள் உண்டு. கிருமித் தொற்று வந்த குழந்தையின் ரத்தத்திலும் டி.என்.ஏ. ஏறும். வெள்ளணுக்களில் ஒரு வகை, கிருமியைப் பிடிக்கத் தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசும் என்று 2004இல் பெர்லினில் கண்டுபிடித்தார்கள். பிறந்த குழந்தையின் வெள்ளணுக்கள் இந்த வலையைச் சரியாக வீசத் தெரியாதவை என்று 2009இல் தெரிந்தது. நம் வேலைக்கு அது ஒருவகையில் அனுகூலம். சிவப்பணுக்கள் முதிரும்போது தம் உட்கருவைத் துப்பிவிடுகின்றன, அந்த டி.என்.ஏ.வும் ரத்தத்துக்கு வரும். கருவில் நாள்கணக்காக ஆக்ஸிஜன் குறைந்த குழந்தை அவசர அவசரமாகச் சிவப்பணு உற்பத்திசெய்யும். அப்போது கூடும் டி.என்.ஏ. சாவின் கணக்கில் சேராது. கல்லீரலே மூச்சுமுட்டலில் அடிபட்டிருந்தால் வடிகட்டும் வேகம் குறையும், பதினாறு நிமிடக் கணக்கு நீளும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கலை ஏற்கனவே சொல்லிவிட்டேன். ஆக்ஸிஜன் குறைந்ததும் உடம்பு குடலையும் சிறுநீரகத்தையும் பலி கொடுத்து மூளையைக் காக்கிறது. அந்த ஏற்பாடு வெற்றிபெற்ற குழந்தையின் ரத்தத்திலும் டி.என்.ஏ. எகிறியிருக்கும், செத்ததெல்லாம் வேறு உறுப்புகளின் செல்களாக இருக்கும். மொத்த அளவு உடம்பு பட்ட பாட்டைச் சொல்லும். தாய் கேட்பது மூளையைப் பற்றி.

எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. எழுத்துதான் என்பதால் மிதக்கும் துண்டு எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று தெரியாது என்றே நெடுநாள் நினைத்தார்கள். எழுத்து ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு வகைச் செல்லும் தனக்கு வேண்டாத மரபணுக்களின்மேல் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறியைப் போட்டு மூடிவைக்கிறது. மூளைச் செல் மூடுவது ஒன்று, கல்லீரல் செல் மூடுவது வேறொன்று. செல் செத்துத் துண்டானாலும் குறி அழிவதில்லை. விசேஷ வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரங்கள் எவ்வளவு கலந்து கிடந்தாலும், விளிம்பில் வெட்டிய பெயரைப் பார்த்து அந்தந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோமே, அது போலத்தான். ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் யுவல் டோர், ரூத் ஷெமர், பெஞ்சமின் கிளேசர் குழுவினர் 2016இல் இதைச் செய்து காட்டினார்கள். இதயம் நின்று மீண்டவர்களின் ரத்தத்தில் மூளையிலிருந்து வந்த துண்டுகளை அவர்களால் அடையாளம் காண முடிந்தது. இதயம் நின்றவரின் மூளை பட்டது, மூச்சுமுட்டிப் பிறந்த குழந்தையின் மூளை படுவதற்கு நெருங்கிய சொந்தம். 2018இல் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை அதே முறையில் பிரித்துப் பார்த்தார்கள். 55 சதவீதம் வெள்ளணுக்களிலிருந்து, 30 சதவீதம் சிவப்பணுக்களின் முன்னோடிகளிலிருந்து, 10 சதவீதம் ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து, ஒரு சதவீதம் கல்லீரலிலிருந்து. நலமாக இருப்பவரின் ரத்தத்தில் மூளையின் துண்டு கண்ணில் படும் அளவுக்கு இல்லை. அதனால்தான் கொஞ்சம் தெரிந்தாலும் அதற்கு அர்த்தம் இருக்கும்.

இப்போது எழும்பூர். குளிர்விப்பதால் குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்று நிறுவிய பரிசோதனைகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. இங்கேயும் அப்படியா என்று பார்க்க லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு பிரிவுகளில் 'ஹீலிக்ஸ்' என்ற பரிசோதனை நடந்தது. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் மகப்பேறு மருத்துவமனையும் அதில் இருந்தன. 408 குழந்தைகள். 2021இல் முடிவு வந்தபோது படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். சாவும் ஊனமும் குறையவில்லை, குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 47. சாவை மட்டும் எடுத்தால் குளிர்வித்தவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 31. லண்டனில் உயிர் காத்த சிகிச்சை இங்கே உயிர் எடுத்தது.

ஏன்? நம் ஆஸ்பத்திரிகள் மோசம் என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சோம்பேறி விடையாகத் தெரிகிறது. பங்கேற்றவை பெரிய, தேர்ந்த தீவிர சிகிச்சைப் பிரிவுகள். ஆராய்ந்தவர்கள் முன்வைத்த விளக்கம் வேறு. இங்கே பல குழந்தைகளின் மூளையில் சேதம் பிரசவ நேரத்தில் தொடங்கியதல்ல, அதற்கு முன்பே விட்டுவிட்டு ஆக்ஸிஜன் குறைந்து தொடங்கிவிட்டது. பிறந்தபின் குளிர்வித்தால் அவகாசம் எப்போதோ தாண்டிவிட்டது. பிறகு அதே குழுவினர் ரத்தத்தில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று ஆர்.என்.ஏ.வை வைத்து ஒப்பிட்டார்கள். நம் பக்கத்துக் குழந்தைகளின் வடிவம், தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் நோயாளிகளின் வடிவத்தை ஒத்திருந்தது. பணக்கார நாட்டுக் குழந்தைகளிடமோ ஒரே அடியாக விழுந்த மூச்சுமுட்டலின் சாயல். ஃபிராய்ட் லிட்டிலிடம் கேட்ட அதே கேள்வி.

இங்கேதான் பதினாறு நிமிடத்தில் பாதியாகும் ஒரு பொருளின் அருமை. சேதம் பிரசவ நேரத்தில்தான் தொடங்கியது என்றால் தொப்புள்கொடி ரத்தத்தில் மூளையின் துண்டுகள் கொஞ்சமாக இருந்து, அடுத்தடுத்த மணி நேரங்களில் ஏற வேண்டும். முன்பே தொடங்கிவிட்டது என்றால் கொடியிலேயே கூடுதலாக இருந்து இறங்க வேண்டும், அல்லது ஏறவே கூடாது. முதல் வகைக் குழந்தைக்குக் குளிர்விப்பு பலன் தரும், இரண்டாம் வகைக்கு வீண், ஒருவேளை ஆபத்து. இன்று இரண்டு பேரும் ஒரே ஆப்கர் மதிப்பெண்ணோடு, ஒரே பி.ஹெச்.சோடு, ஒரே வார்மரில் படுத்திருக்கிறார்கள். இது இன்னும் நிறுவப்பட்ட சோதனை இல்லை. மிதக்கும் டி.என்.ஏ.வை அளப்பது பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் வழக்கமான சோதனையாக வரவும் இல்லை. வந்தாலும் முதலில் குளிர்விக்கும் முடிவை அது எடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. மீத்தைல் குறியைப் படித்து முடிக்க இன்றைய முறைகளில் ஆறு மணி நேரம் போதாது. புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது எந்தக் குழந்தை எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத்தான் முதலில் உதவும். ஹீலிக்ஸ் போன்ற இன்னொரு பரிசோதனை 408 குழந்தைகளையும் ஒரே கூடையில் போடாமல் இருக்க அது போதும்.

தடையாக நிற்பவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். தொப்புள்கொடி ரத்தம் எப்படியும் நஞ்சுக்கொடியோடு குப்பைக்குப் போகிறது, எடுத்தால் குழந்தைக்கு ஒரு சொட்டும் குறையாது. ஆனால் பிரசவம் நேரம் பார்த்து வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு, குழந்தை அழாமல் கிடக்க, அறையிலுள்ள எல்லாக் கையும் அதன் நெஞ்சில் இருக்கும்போது, கொடியின் ரத்தத்தை எடுத்து மாடியிறங்கிச் சுழற்றும் எந்திரம்வரை கொண்டுபோக யார் இருக்கிறார்கள்? வெள்ளணுக்களை நாள்கணக்கில் உடையாமல் பிடித்துவைக்கும் மருந்து தடவிய குழாய்கள் சந்தையில் உண்டு. கொடி ரத்தத்தை அதில் விட்டு மேசையில் வைத்துவிட்டுக் காலையில் அனுப்பலாம். அடுத்த ஆறு மணி நேரத்திலும் இருபத்துநாலு மணி நேரத்திலும் குழந்தையிடமிருந்தே எடுக்க வேண்டிய ரத்தத்துக்கு அவை சரிவராது. பெரியவர் கையில் பத்து மில்லிலிட்டர் எடுப்பதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அரை மில்லிலிட்டருக்கு ஒன்று செய்ய வேண்டும்.